செண்பகவடிவைப் பார்க்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

செண்பகவடிவு ஒட்டகச்சிவிங்கியாக மாறிய அன்றைக்கு மதியச் சாப்பாடு தயிர்சாதமும் எலுமிச்சை ஊறுகாயும். கூட இருந்த பதினைந்து பேரிடம் தனித்தனியாகக் கேட்டாலும் எல்லாரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள்: சாதம் தட்டில் விழுந்துவிட்டது, ஊறுகாய் இன்னும் வந்து சேரவில்லை, அந்த நேரத்தில் நடந்தது.

எங்கள் புளியங்குடி எலுமிச்சம்பழத்துக்குப் பேர்போன ஊர். மார்க்கெட்டில் ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குக் கமிஷன் கடை. அண்ணாச்சி ஏலம் கூறினால் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறவர்களுக்கு அன்றைய விலை தெரிந்துவிடும், அப்படி ஒரு தொண்டை. அவர் சம்சாரம்தான் செண்பகவடிவு. இலஞ்சியில் பிறந்து, இருபத்து மூன்று வயதில் எங்கள் ஊருக்கு வாக்கப்பட்டு வந்து, இருபத்தெட்டு வருஷமாக ஒரு வேளைக்கு ஒன்பது பேருக்குக் குறையாமல் சோறு போட்டவள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. கோயிலில் இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த வருஷம் ஆடி மாசம் மார்க்கெட் சங்கத்திலிருந்து பதினாறு பேர் தான்சானியாவுக்குப் பன்னிரண்டு நாள் சுற்றுலா போனார்கள். கூட்டிக்கொண்டு போனவர் மதுரைக்காரர், பெனடிக்ட் என்று பெயர், ஊர் ஊராக ஆள் சேர்த்து உலகத்தைச் சுற்றிக் காட்டுவதுதான் தொழில். நம் ஆட்களுக்கு மூன்றாம் நாள் ரசம் இல்லாவிட்டால் யானையைக் காட்டினாலும் கண்ணுக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியுமாகையால், நாலு குக்கரோடு ஒரு சமையல்காரரையும் சேர்த்தே விமானம் ஏற்றிவிட்டார்.

அருஷா என்கிற ஊரிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி அந்தக் காடு இருக்கிறது. காடு என்றால் நம் குற்றாலத்து மலைக்காடு மாதிரி அடர்த்தி இல்லை. காய்ந்த புல்லும், குடை விரித்தாற்போல உடைமரங்களும், நடுவே ஒரு ஆறும். கூரையைத் திறந்து வைத்த ஜீப்பில் ஏறி நின்றுகொண்டு பார்க்க வேண்டும். முதல் நாலு நாளும் அண்ணாச்சி எழுந்து நின்று படம் எடுத்தார், செண்பகவடிவு பின்னால் உட்கார்ந்து அவருடைய தொப்பியையும் தண்ணீர் பாட்டிலையும் பைனாகுலர் உறையையும் மடியில் வைத்திருந்தாள். ஐந்தாம் நாள், விடுதியில் தின்ற மாம்பழம் அண்ணாச்சியின் வயிற்றைக் கலக்கிவிட, அவர் உட்கார்ந்தார், அவள் எழுந்து நின்றாள். அப்போது ஆற்றின் வளைவில் பதினொரு ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. ஓட்டுநர் எலிபரிக்கி இன்ஜினை அணைத்தார். அவள் ஐம்பது நிமிஷம் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை குனிந்து, எலிபரிக்கியைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டாள்.

"இதுக ஒண்ணுக்கொண்ணு பேசிக்கிடவே செய்யாதா?"

பெனடிக்ட் மொழிபெயர்த்தார். எலிபரிக்கி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேசும் அம்மா, நமக்குத்தான் கேட்காது" என்றார்.

"நல்லதாப் போச்சு" என்றாள் செண்பகவடிவு. அவள் கடைசியாகப் பேசியது அதுதான்.

சாப்பாட்டுக்கு என்று காட்டுக்குள்ளேயே கம்பி வேலி இல்லாத ஒரு இடம் உண்டு, அங்கே மட்டும் ஜீப்பை விட்டு இறங்கலாம். எல்லாரும் இறங்கித் தட்டோடு வரிசையில் நிற்க, அவள் கையைக் கழுவிவிட்டுப் புடவைத் தலைப்பில் துடைத்தபடியே பக்கத்து உடைமரத்தை நோக்கி நடந்து, மரத்தடியில் செருப்பை ஜோடியாகக் கழற்றி வைத்து, மேலே பார்த்து, பார்த்த பார்வை போகப் போக அதன் பின்னாலேயே தலையும் போக, கழுத்தும் போக, மாம்பழ நிறப் புடவை தானாக நழுவி முள்ளில் மாட்டாமல் புல்லில் விழ, தயிர்சாதத்துக்கு ஊறுகாய் வருவதற்குள் பதினாலடி உயரத்தில் நின்று இலை தின்றுகொண்டிருந்தாள். சத்தம் எதுவும் இல்லை. பதினைந்து பேரும் பார்த்தார்கள். அதில் ஒருவர் ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர், பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடியவர் இல்லை.

அண்ணாச்சி மரத்தடிக்குப் போய் அண்ணாந்து பார்த்து, "ஏ வடிவு, என்ன இது? வண்டிக்கு நேரமாச்சு" என்றார்.

அவள் கீழே பார்த்தாள். கேஸை அணைத்தோமா என்று யோசிக்கும்போது அவள் பார்க்கிற அதே பார்வை என்று பிற்பாடு எல்லாரும் சொன்னார்கள். பிறகு அடுத்த கொப்பை இழுத்தாள்.

பெனடிக்ட் தலைகளை எண்ணினார், இன்னொரு தடவை எண்ணினார். எலிபரிக்கியோடு நின்று பேசிவிட்டு வந்து அண்ணாச்சியிடம் பக்குவமாகச் சொன்னார்.

"சார், காட்டுக்குள்ள இருந்து எந்த விலங்கையும் வெளிய கொண்டுபோக அனுமதி இல்லையாம். சட்டம் ரொம்பக் கடுமையாம். ஆனா மேடம் நல்ல இடமாத்தான் பாத்திருக்காங்களாம். இந்த ஆத்துப் பக்கம் கோடையிலயும் இலை காயாதாம்."

"நான் வீட்ல என்னவே சொல்லுவேன்?" என்றார் அண்ணாச்சி.

சாதம் ஆறிக்கொண்டிருந்ததால் மற்றவர்கள் சாப்பிட்டார்கள். அண்ணாச்சியும் கொஞ்சம் சாப்பிட்டார்.

சென்னை விமான நிலையத்துக்கு மகள் நித்யகல்யாணி வாடகைக் கார் கொண்டு வந்திருந்தாள். தென்காசியில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள், அந்த ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. அப்பா மட்டும் இரண்டு பேர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வருவதைப் பார்த்து, "அம்மா எங்கப்பா?" என்றாள்.

"வரல."

"வரலன்னா?"

"ஒட்டகச்சிவிங்கியா ஆயிட்டா."

பின்னாலேயே வந்துகொண்டிருந்த துணை வட்டாட்சியர் ஆமாம் என்று தலையசைத்தார். நித்யகல்யாணி காரில் ஏறி, செங்கல்பட்டு தாண்டும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்து, அதன் பிறகு ஒரே கேள்விதான் கேட்டாள்.

"நீங்க அம்மாவ என்ன சொன்னீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. வயித்தால போச்சு, சும்மாத்தான் உக்காந்திருந்தேன்."

ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று முதல் ஒரு வாரம் யாருக்கும் பிடிபடவில்லை. துக்கம் கேட்கப் போவதா, சும்மா போய் இருந்துவிட்டு வருவதா என்று குழம்பி, பாதிப் பேர் கறுப்பு கலக்காத புடவையில் போய் அழாமல் திரும்பினார்கள். கோயில் ஐயரிடம் கேட்டதற்கு, உயிரோடு இருக்கிறவர்களுக்குத் தீட்டு கிடையாது, கடல் கடந்து போயிருக்கிறாள், அவ்வளவுதான் என்று முடித்துவிட்டார். ரேஷன் அட்டையில் பெயரை நீக்க இறப்புச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் முகவரி மாற்றச் சான்று வேண்டும் என்றார்கள், முகவரி மாற்றம் என்றே எழுதிக் கொடுத்தோம். கல்யாணப் பத்திரிகையில் அம்மா பெயரை எப்படிப் போடுவது என்று அச்சகத்தில் ஒரு மணி நேரம் பேச்சு நடந்து, கடைசியில் 'திருமதி செண்பகவடிவு, தான்சானியா' என்று போட்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் அதைப் படித்துவிட்டு, சம்பந்தி அம்மா வெளிநாட்டில் இருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேட்டார்கள். ஆமாம் என்றோம். பொய் ஒன்றும் இல்லையே.

தாரை வார்க்கும்போது அம்மா நிற்க வேண்டிய இடத்தில் இலஞ்சி அத்தை நின்றாள். நித்யகல்யாணி மணவறையில் அழவில்லை. "ஒரு மாசம் பொறுத்திருக்கலாம் அவங்க" என்று அத்தையிடம் மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு யார் அம்மாவைப் பற்றி எடுத்தாலும் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

அண்ணாச்சி வேறு மாதிரி. "கோவம் தணிஞ்சா வந்துருவா" என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மெஸ்ஸில் சாப்பிட்டார். சட்டைப் பொத்தான் அறுந்தால் அறுந்தபடியே போட்டார். அடுப்படியில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு தடவை உப்புக்குப் பதில் ஆப்பச் சோடாவைப் போட்டு ஒரு கோப்பை மோரைக் கொட்டினார்.

இதற்கிடையில் ஊர்ப் பெண்களுக்கு வேறு யோசனை வந்தது. செண்பகவடிவு ரெண்டு நேரமும் பச்சை இலை தின்றுவிட்டு நிழலில் நிற்கிறாள், பாத்திரம் கிடையாது, மாவாட்ட வேண்டாம், எவனும் தண்ணி கொண்டா என்று கத்த மாட்டான் என்கிற சேதி தண்ணீர்க் குழாயடியில் சொல்லிச் சொல்லி வளர்ந்து, அடுத்த வருஷம் பெனடிக்ட் கூட்டிப்போன இருபத்து நாலு பேரில் இருபத்து மூன்று பேர் பெண்கள். நாலு பேருடைய வீட்டுக்காரர்கள் கடைசி நேரத்தில் தடுத்தார்கள், அதில் இரண்டு பேர் மீறிப் போனார்கள். போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்துவிட்டார்கள். அதில் ஒரு சிலருக்கு ஏமாற்றம்தான்.

அவர்கள் கொண்டுவந்த சேதி இது: செண்பகவடிவு நல்லா இருக்கா. ஒரு சுற்றுப் பூசினாப்போல இருக்கா. எங்களைப் பார்த்தா. ஆனா ஒரு வார்த்தை, வாங்கன்னு கேக்கல.

ஏழு கடல் தாண்டி வந்தவர்களை வாங்க என்று கேட்கவில்லை என்பது ஊரில் பெரிய குறையாகப் பேசப்பட்டது. பேச வராதே என்று யாரோ சொன்னதற்கு, தலையாவது அசைத்திருக்கலாம் என்று பதில் வந்தது. ஆனாலும் அடுத்த கூட்டம் நிற்கவில்லை. ஆனியில் ஒன்று, ஆவணியில் ஒன்று என்று எங்கள் ஊரிலிருந்து ஆட்கள் போவது வழக்கமாகிவிட்டது, தூரத்தில் இருக்கிற சொந்தத்தை வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு வருவது மாதிரி. பார்க்காமலே திரும்பினவர்கள் சண்டைக்கு வந்ததால், எலிபரிக்கியிடம் கேட்டுக் கேட்டுப் பெனடிக்ட் ஒரு தாள் அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார். எங்கள் ஊரில் பல வீடுகளில் காலண்டருக்குப் பக்கத்தில் அது இன்னும் ஒட்டியிருக்கிறது.

செண்பகவடிவைப் பார்க்கப் போகிறவர்கள் ஆனியிலிருந்து ஐப்பசிக்குள் போக வேண்டும், அப்போதுதான் மற்ற இடமெல்லாம் காய்ந்து எல்லா விலங்கும் ஆற்றோரம் வந்து நிற்கும். விடிந்ததும் கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வெயில் சாய்ந்த பிறகு. உச்சி வெயிலில் மரத்தோடு மரமாக நிற்பதால் பத்தடி தள்ளிப் போனாலும் தெரியாது. தரையில் தேடாதீர்கள், மரத்தின் தலையில் தேடுங்கள், கொப்புக்கு மேலே கொப்பு அசைந்தால் அது கொப்பு இல்லை. கொம்பின் நுனியில் மயிர்க்குச்சம் இருந்தால் பெண், வழுக்கையாக இருந்தால் ஆண். உடம்பில் இருக்கிற திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. செண்பகவடிவுக்கு இடது முன்னங்காலில் முழங்காலுக்கு மேலே வெளிறிய ஒரு இடம் உண்டு, முறுக்குச் சுடும்போது இடது கையில் எண்ணெய் தெறித்தது. இன்ஜினை அணைக்க வேண்டும். இறங்கக் கூடாது. எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. மைனி, அக்கா, சித்தி என்று கூப்பிடக் கூடாது, கூப்பிட்டால் போய்விடுகிறாள். அவள் உங்களைப் பார்த்தால் நீங்களும் பாருங்கள். அவள் வேறு எங்கேயாவது விடாமல் பார்த்தால், அவளோடு நிற்கிற எல்லாமும் அதே திசையைப் பார்த்தால், அங்கே சிங்கம் இருக்கிறது, ஜீப்பின் கூரைக்குள் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வருஷம் ஆனியில் போனவர்கள் திரும்பி வந்து ஒரு நாள் முழுக்க யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒருத்தி சொன்னாள், ஒருத்தி சொன்னதும் எல்லாரும் சொன்னார்கள். செண்பகவடிவின் காலுக்கடியில் ஒரு கன்று நிற்கிறது. அவளிடம்தான் பால் குடிக்கிறது.

மார்க்கெட்டில் அன்றைக்கு ஏலம் அரை மணி நேரம் நின்றுபோனது. பள்ளிக்கூடத்தில் விலங்கியல் எடுக்கிற வாத்தியார், ஒட்டகச்சிவிங்கிக்குப் பதினைந்து மாதச் சினை என்று கேட்காமலே வந்து சொன்னார். எல்லாரும் விரலை மடக்கிப் பார்த்தார்கள். எப்படி மடக்கினாலும் அண்ணாச்சி கணக்கில் வரவில்லை.

அண்ணாச்சி மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. நாலாம் நாள் வந்து ஏலம் கூறினார், சத்தம் மார்க்கெட் வாசலைத் தாண்டவில்லை. சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அவளே ஒரு வழியைத் தேடிக்கொண்டாள், இவர் மட்டும் எத்தனை காலத்துக்கு மெஸ் சாப்பாடு சாப்பிடுவார் என்றார்கள். வாசுதேவநல்லூரில் ஒரு இடம் இருந்தது, பிள்ளை இல்லாத விதவை, நாற்பத்தைந்து வயசு, நன்றாகச் சமைப்பாள். அண்ணாச்சி வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தென்காசி வக்கீல், முதல் தாரம் உயிரோடு இருக்கும்போது மறுகல்யாணம் செல்லாது, முறைப்படி நோட்டீஸ் அனுப்பி விவாகரத்து வாங்க வேண்டும் என்றார்.

அந்த நோட்டீஸ் ஆவணிக் கூட்டத்தோடு போனது. காட்டு விலங்குக்கு எதையும் கொடுக்கக் கூடாது என்பது சட்டம், ஆனால் வக்கீல் நோட்டீஸ் உணவில் சேராது என்று அங்கேயிருந்த வன அலுவலர் அனுமதித்தார். எலிபரிக்கி ஜீப்பின் மேல் நின்று நாலு பக்கத்தையும் ஆங்கிலத்தில் சத்தமாக வாசித்தார், பெனடிக்ட் ஒவ்வொரு பத்தியாகத் தமிழில் சொன்னார். செண்பகவடிவு கடைசிவரை நின்று கேட்டாள். பிறகு குனிந்து, நீல நாக்கை நீட்டி, எலிபரிக்கியின் கையிலிருந்து நோட்டீஸை வாங்கி, முத்திரையோடு சேர்த்து நிதானமாக மென்று விழுங்கினாள்.

"பெற்றுக்கொண்டார்னு ஆயிடுச்சு. பதிலுக்கு முப்பது நாள்" என்றார் தென்காசி வக்கீல், சேதி வந்து சேர்ந்ததும்.

முப்பது நாளும் போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை நித்யகல்யாணி தென்காசியிலிருந்து வந்தாள். இரண்டு வருஷமாக அம்மா பேச்சை எடுக்காதவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே பேசினாள்.

"யப்பா, அம்மாவுக்குப் பிள்ளை பிறந்து நாலு மாசம் ஆகப்போகுது. நம்ம வீட்ல இருந்து ஒருத்தரும் முறையாப் போய்ப் பாக்கல."

"முறையாவா? எது முறை?" அண்ணாச்சியின் குரல் பழையபடி பஸ் ஸ்டாண்டுவரை போனது. "என்னை நாறடிச்சிட்டா அவ. அந்தக் கன்னுக்கும் எனக்கும் என்ன?"

"உங்களுக்கு என்னவோ எனக்குத் தெரியாது. எனக்குத் தங்கச்சியோ தம்பியோ. நான் போறேன். விவாகரத்து வேணும்னா நேர்ல வந்து கேளுங்க. தாளை அனுப்பிட்டு இங்க உக்காந்திருக்காதீங்க."

புரட்டாசிக் கடைசியில் அப்பாவும் மகளும் மட்டும் கிளம்பினார்கள். பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போவதால் தெருப் பெண்கள் கருப்பட்டியும் பூண்டும் நல்லெண்ணெயும் கட்டிக் கொடுத்தார்கள். விமான நிலையத்தில் எண்ணெயைப் பிடுங்கிக்கொண்டார்கள். மற்றதைக் காட்டுக்குள் கொடுக்கக் கூடாது என்பதால், எலிபரிக்கியின் அண்ணன் மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று கேள்விப்பட்டு நித்யகல்யாணி அந்த வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, பூண்டை எப்படி வேக வைப்பது என்றும் சொல்லிவிட்டு வந்தாள்.

நாலு நாள் காலையும் மாலையும் தேடினார்கள். மற்ற ஒட்டகச்சிவிங்கிகள் நிறையக் கிடைத்தன. அண்ணாச்சி ஒவ்வொன்றின் இடது முன்னங்காலையும் பைனாகுலரில் பார்த்து, இல்லை, இல்லை என்று கழித்துக்கொண்டே வந்தார். மூன்றாம் நாள் சாயங்காலம் அவருக்கே ஆச்சரியமாக, இவ்வளவு நாளில் ஒன்றைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்திருக்கிறோம் என்று தோன்ற, பைனாகுலரை இறக்கிவிட்டு, ஆற்றில் தண்ணீர் குடிக்க வந்த ஒன்று முன்னங்கால்களை இரண்டு பக்கமும் அகட்டி, அகட்டி, இன்னும் அகட்டி, விழுந்துவிடுமோ என்று நாம் பயப்படுகிற அளவுக்கு அகட்டித் தலையைத் தண்ணீர்வரை இறக்குவதைக் கடைசிவரை பார்த்தார்.

"இவ்வளவு பாடா இதுக்கு" என்றார்.

"தலையைத் தாழ்த்துவதுதான் இவைகளுக்கு ஆபத்து" என்று எலிபரிக்கி சொன்னதை நித்யகல்யாணி மொழிபெயர்த்தாள். "அப்போதுதான் சிங்கம் பிடிக்கும்."

ஐந்தாம் நாள் காலை ஏழு மணிக்கு, ஆற்றின் மேற்கு வளைவில், ஏழு ஒட்டகச்சிவிங்கிகள் நின்றன. ஏழும் இலை தின்னவில்லை. ஏழும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. எலிபரிக்கி ஜீப்பை நிறுத்தி, உதட்டில் விரலை வைத்து, கோரைப்புல்லைக் காட்டினார். புல்லுக்குள் ஒரு பெண் சிங்கம் படுத்திருந்தது. அதற்கு நாற்பதடி தள்ளி, கூட்டத்திலிருந்து விலகி, ஒரு கன்று. ஆள் உயரத்துக்கு மேலே வளர்ந்திருந்தாலும் கால் இன்னும் பழகாத கன்று.

மற்ற ஆறும் ஓடின. ஏழாவது ஓடவில்லை. கன்றுக்கும் புல்லுக்கும் நடுவில் வந்து நின்றது. இடது முன்னங்காலில் முழங்காலுக்கு மேலே வெளிறிய அந்த இடம் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தது.

"அம்மா" என்றாள் நித்யகல்யாணி, சத்தம் வராமல்.

அண்ணாச்சி எழுந்து நின்றார். அவர் கத்தப் போகிறார் என்பது எலிபரிக்கிக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டி அவர் வேட்டியைப் பிடித்து இழுத்து, வேண்டாம், கத்தினால் அவள் இங்கே திரும்பிப் பார்ப்பாள் என்று ஜாடையாலேயே காட்டினார். அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுருட்டித் தன் வாயில் அடைத்துக்கொண்டார்.

அந்தத் துண்டோடு அவர் நின்றது நாற்பது நிமிஷம். பெண் சிங்கம் முன்னால் வந்தது. கன்று தாயின் காலுக்கு இடையில் புகுந்துகொண்டது. பின்பக்கம் புல்லிலிருந்து இரண்டாவது ஒன்றும் எழுந்து வந்தது. செண்பகவடிவு கன்றைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டே வட்டமாகச் சுற்றினாள், சுற்றிக்கொண்டே முன்னால் வந்ததை முன்னங்காலால் உதைத்தாள், குறி தப்பியது, புழுதிதான் எழுந்தது. மறுபடி வந்தது, மறுபடி உதைத்தாள். பின்னால் வந்தது பாய்ந்து தொடையில் நகத்தைப் போட, ரத்தம் கோடாக இறங்க, அவள் கழுத்தைத் திருப்பிப் பார்க்காமலே பின்னங்காலால் விட்ட உதை அதன் தாடையில் விழுந்து, அந்தச் சத்தம் ஜீப்வரை கேட்டது. அது உருண்டு, எழுந்து, நொண்டிக்கொண்டே புல்லுக்குள் போனது. முதல் சிங்கம் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தது. பிறகு, வேறு வேலை இருக்கிறது என்பதுபோல எழுந்து போய்விட்டது.

அண்ணாச்சி துண்டை வாயிலிருந்து எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது. உட்கார்ந்தார், உட்கார்ந்தால் தெரியாது என்பதால் மறுபடி எழுந்தார்.

செண்பகவடிவு மெல்ல நடந்து ஜீப்புக்கு இருபதடியில் வந்து நின்றாள். கன்று வயிற்றுக்கடியில் முட்டிப் பால் குடித்தது. அவள் மகளைப் பார்த்தாள், அசை போட்டாள். நித்யகல்யாணி ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வருஷமாக மனசுக்குள் அடுக்கி வைத்திருந்த எல்லாவற்றிலும் ஒன்றை மட்டும் கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லம்மா?"

அம்மா அசை போட்டாள். தொடையில் ரத்தம் உறையத் தொடங்கியிருந்தது. ஒரு சிறிய பறவை வந்து அங்கே உட்கார்ந்தது.

"சரி, இரு" என்றாள் நித்யகல்யாணி மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நல்லா இரு. புண்ணுல ஈ உக்கார விடாத."

அண்ணாச்சி தொண்டையைச் செருமினார். விவாகரத்து விஷயம் கேட்கப் போகிறார் என்று மகள் நினைத்தாள். அவர் எலிபரிக்கி பக்கம் கையைக் காட்டி, மகளிடம், "இதோட அப்பா யாருன்னு கேளு" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிக் கேட்டாள். எலிபரிக்கி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரை மைல் தள்ளி, தனியாக நின்று ஒரு உச்சிக் கொப்பைத் தின்றுகொண்டிருந்த கறுத்த ஆண் ஒன்றைக் காட்டினார். "அதுவாக இருக்கலாம். வரும், போகும். ஆபத்துக்கு நிற்காது. வளர்ப்பதெல்லாம் தாய்தான்."

அண்ணாச்சி அதை ரொம்ப நேரம் பார்த்தார். அது இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க ஊர்லயும் அப்படித்தான்னு சொல்லு" என்றார்.

வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்கள். கன்று பால் குடித்து முடித்து, தாயின் பின்னாலிருந்து தலையை நீட்டி, ஜீப்பையும் வேட்டியையும் மீசையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தது. அண்ணாச்சியும் பார்த்தார். பிறகு இரண்டும் ஆற்றோரமாக நடந்து, மரத்துக்கு மேலே கொஞ்ச நேரம் தலை மட்டும் தெரிந்து, அப்புறம் அதுவும் தெரியவில்லை.

காட்டு வாசலுக்குப் பக்கத்தில்தான் போனுக்கு சிக்னல் கிடைக்கும். அங்கே காலை ஒன்பது மணி, எங்களுக்குப் பதினொன்றரை, மார்க்கெட்டில் லாரிக்கு மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. கடை ஆள் கருத்தப்பாண்டி போனை எடுத்து, அண்ணாச்சிதான் என்று சொல்லி ஸ்பீக்கரில் போட்டதும் சுமை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூட மூட்டையோடு அப்படியே நின்றார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து அந்தப் பெண் வீட்டார் இரண்டு பேர் அன்றைக்கு முடிவு கேட்டுப் போக வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

"பாத்தேன்" என்றார் அண்ணாச்சி.

போனில் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு அந்தத் தொண்டை, பஸ் ஸ்டாண்டுவரை கேட்கிற அந்தத் தொண்டை, கொஞ்சம் கரகரப்பாக வந்தது.

"தாயும் சேயும் நலம். வக்கீல்ட்ட நோட்டீஸை வாபஸ் வாங்கச் சொல்லிருங்க. மார்க்கெட்ல கடைக்குக் கடை மிட்டாய் குடுத்துரு பாண்டி."

கருத்தப்பாண்டி எங்கள் எல்லாரையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாரும் கேட்க நினைத்ததைக் கேட்டான்.

"அண்ணாச்சி, என்ன பிள்ளை?"

"பொட்டப்பிள்ளைடே" என்றார் அண்ணாச்சி. "வடிவு ஜாடை."